மேசைப் போருக்கு மூன்றாம் ஆள்

நூற்றில் ஒரு பங்கு அளவில் வார்த்த பற்றன் தாங்கி உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதே கணக்கில் ஒரு கிலோமீற்றர் தூரத்துக்குத் தரையில் 10 மீற்றர் வேண்டும். வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டு ஹோலில் அதற்கு எங்கே போவது? சிறு உருவங்களை வைத்துப் போர் ஆடுவோர் வழக்கமாகப் போடும் ஆறடிக்கு நாலடி மேசையின் நீளப்பக்கம், உண்மை நிலத்தில் 183 மீற்றர்தான். ஒரு கிரிக்கெட் மைதானத்தின் குறுக்களவைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவே. ஆகவே விதி எழுதுவோர் சுடும் தூரத்தைச் சுருக்குகிறார்கள். தாங்கிகளை மட்டும் சுருக்க முடிவதில்லை. விளைவு, மாலை ஆறு மணிக் காலி வீதி மாதிரி அவை முட்டிமோதி நிற்கின்றன.

பெரிய போரை ஆட விரும்புகிறவர்கள் இதற்கு இரண்டு வழி கண்டிருக்கிறார்கள். ஒன்று, உருவை முந்நூறில் ஒரு பங்காகக் குறைப்பது. தாங்கி மூன்று சென்ரிமீற்றருக்குள் வந்துவிடும். மற்றது, ஓர் உருவை மூன்று தாங்கிகளாகக் கொள்வது. 45 தாங்கிகள் கொண்ட ரெஜிமென்ட் 15 உருக்களில் முடிந்துவிடும். நெரிசல் தீரும். ஆனால் ஆட்டத்தைக் கெடுப்பது நெரிசல் மட்டுமல்ல. மேசையைச் சுற்றி நிற்கும் இருவருக்கும் எல்லாமே தெரிகிறது என்பதுதான் பெரிய கோளாறு.

1965 செப்டெம்பர் 8 முதல் 10 வரை பஞ்சாபின் கேம்கரண் பகுதியில் நடந்த அசல் உத்தார் சமரை எடுத்துக்கொள்வோம். பாகிஸ்தானின் முதலாவது கவசப் படைப்பிரிவு, 90 மில்லிமீற்றர் பீரங்கி பூட்டிய அமெரிக்கப் பற்றன்களோடு வந்தது. எதிரே இந்தியாவின் 4ஆவது மலைப் படைப்பிரிவும் பிரிகேடியர் தியோகராஜின் 2ஆவது கவசப் பிரிகேடும். அவர்களிடம் இருந்தவை செஞ்சூரியன், பழைய ஷேர்மன், இலேசான ஏ.எம்.எக்ஸ். 13. தாளில் பார்த்தால் பற்றன் பக்கமே பாரம். ஆனால் இந்தியப் படை பின்வாங்கி, குதிரை லாட வடிவில் அணிவகுத்து, வெட்டாத கரும்புக்குள் தாங்கிகளை ஒளித்தது. கால்வாய் நீரை வயல்களில் பாய்ச்சியது. பற்றன்கள் சேற்றில் புதைந்து, பக்கவாட்டில் அடி வாங்கின. பாகிஸ்தான் இழந்தவை 97 என்பது இந்தியத் தரப்புக் கணக்கு.

இதை இரண்டு பேர் அப்படியே மேசையில் ஆடினால் என்ன நடக்கும்? பற்றன்காரர் கரும்புக்குள் நிற்கும் செஞ்சூரியனைக் கண்ணால் காண்கிறார். நீர் பாய்ந்த வயல் நீலத் துணியாக விரிந்து கிடக்கிறது. சுற்றிக்கொண்டு போய் வென்றுவிடுவார். அதில் ஆட்டத் திறமை எதுவும் இல்லை. போரைத் தீர்மானித்த ஒரே விடயம், அதாவது தெரியாமை, மேசைக்கு வரவேயில்லை.

அதைக் கொண்டுவர ஒரு நடுவர் வேண்டும். 1824இல் பிரஷ்ய அதிகாரி ரைஸ்விற்ஸ் தன் போர் ஆட்டத்தை இராணுவத் தலைமைக்குக் காட்டியபோதே நடுவர் அதன் நடுநாயகம். இரு தரப்பும் கட்டளையை அவரிடம்தான் கொடுக்கவேண்டும். 1942 தொடக்கத்தில் லிவர்பூலில் பிரித்தானியக் கடற்படை அதிகாரி கில்பர்ட் ரொபர்ட்ஸ் அமைத்த கடற்போர்ப் பயிற்சிக்கூடம் இன்னும் கறார். தரையில்தான் கடல். அதிகாரிகள் திரைக்குப் பின்னால் நின்று, துவாரத்தின் வழியே தெரிகிற மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டும். ஆட்டத்தை நடத்தியவர்கள் கடற்படை மகளிர் அணி இளம்பெண்கள். அட்லாந்திக்கில் நீர்மூழ்கிகளை வேட்டையாடும் உத்திகள் அந்தத் தரையில் பிறந்தன.

தொடர்மாடி வீடு இதற்கு வசதிதான். இரண்டு அறைகளில் இரண்டு தளபதிகள், கையில் வரைபடமும் பென்சிலும். ஹோலில் மேசையோடு நடுவர். கட்டளை எழுத்தில் போகும், ஒரு சுற்றுத் தாமதமாக நிறைவேறும். உருவங்களுக்குக் காசில்லாவிட்டால் சோடா மூடி போதும்.

நடுவர் வந்தால் நடுவரின் பிழையும் கூடவே வரும். அதற்குக் கொழும்புக்கு நெருங்கிய உதாரணம் உண்டு. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி கொட்டாஞ்சேனையை ஒட்டிய துறைமுகத்தையும் தெற்கே இரத்மலானையையும் தாக்கிய ஜப்பானிய விமானங்களை வழிநடத்தியவர் மிட்சுவோ புச்சிதா. குதிரைப் பந்தயத் திடலில் போட்டிருந்த ஓடுபாதை ஜப்பானியருக்குத் தெரியாது. அங்கிருந்து ஹரிக்கேன்கள் எழும்பிப் போயின. அடுத்த மாதமே அதே கடற்படை மிட்வே தாக்குதலை ‘யமாட்டோ’ கப்பலில் ஆடிப் பார்த்தது. நடுவர் ஒக்குமியா பகடை உருட்டினார்: ஒன்பது குண்டுகள் பட்டன, கொழும்புக்கு வந்த ‘அகாகி’யும் கூடவே ‘காகா’வும் மூழ்கின. தலைமை நடுவர் உகாகி குறுக்கிட்டு ஒன்பதை மூன்றாக்கினார். ‘அகாகி’ பிழைத்தது. பிறகு ‘காகா’வும் உயிர்பெற்று அடுத்த ஆட்டத்துக்கு வந்தது. ஜூனில் நடந்த உண்மைச் சமரில் இரண்டும் கடலடிக்குப் போயின. புச்சிதாவும் ஒக்குமியாவும் சேர்ந்து எழுதிய நூல் சொல்வது இது. புச்சிதா சொன்ன வேறு சில கதைகளை வரலாற்றாசிரியர்கள் நம்புவதில்லை. ஆனால் இங்கே பகடையை உருட்டியவரே சாட்சி.

உகாகிக்குக் கணக்குத் தெரியாமலில்லை. அவர் அந்தத் திட்டத்துக்குச் சொந்தமான தளபதி யமமோட்டோவின் பதவிநிலைப் பிரதானி. கிரிக்கெட்டிலும் நடுவர் பிழை உண்டு: 2019 உலகக் கிண்ண இறுதியில் நடுவர் குமார் தர்மசேன ஐந்துக்குப் பதில் ஆறு ஓட்டம் கொடுத்தார். பிழையென்று பிறகு அவரே ஒப்புக்கொண்டார். அந்த ஓர் ஓட்டம் கிண்ணத்தையே மாற்றியிருக்கலாம். இருந்தும் அவரை நான் உகாகியோடு ஒரு வரிசையில் வைக்கமாட்டேன். இங்கிலாந்து வென்றாலும் நியூசிலாந்து வென்றாலும் அவருக்கு ஒன்றுதான்.

ஆனையிறவுச் சமரை மேசையில் வைத்தால் என்ன என்று கேட்கக்கூடியவர்கள் உண்டு. உருவங்கள் கிடைக்கும், வரைபடம் கிடைக்கும். இந்தத் தீவில் அந்த ஆட்டத்துக்கு நடுவர் கிடைக்கமாட்டார். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இந்தியாவும் பாகிஸ்தானும் என்றால் நம்மூர் பொது மைதானம். 2023 ஆசியக் கிண்ணத்தில் அவர்கள் கெத்தாராமவில் மோதத் தொடங்கியது செப்டெம்பர் 10ஆம் திகதி. அசல் உத்தாரின் கடைசி நாளும் அதுவே. மழை குறுக்கிட்டு மறுநாளுக்குத் தள்ளிய அந்த ஆட்டத்தை இந்தியா 228 ஓட்டங்களால் வென்றது.

அசல் உத்தார் நடுவருக்குக் கடினமான கேள்வி இந்திய வீரர் அப்துல் ஹமீத். ஜீப்பில் பொருத்திய 106 மில்லிமீற்றர் பின்னுதைப்பற்ற பீரங்கியால் பற்றன்களை ஒவ்வொன்றாக உடைத்து, அங்கேயே உயிர்விட்டு, பரம்வீர் சக்ரா பெற்றவர். ஓர் உருவம் மூன்று தாங்கி என்ற கணக்கில் ஒற்றை ஜீப்புக்கு இடமில்லை. நான் நடுவரானால் அதை மேசையில் வைக்கமாட்டேன். இந்தியத் தளபதியின் வரைபடத்தில் மட்டும் இருக்கட்டும். முதல் சூடு விழும்போது பற்றன்காரருக்கு ‘கரும்புப் பக்கமிருந்து’ என்பதற்கு மேல் ஒரு சொல் சொல்லக்கூடாது. இடம் மாற்றிச் சுட்டால் மறுபடியும் அதே பதில்தான். மாற்றாமல் அங்கிருந்தே சுட்டால் மட்டும் ஜீப்பை எடுத்து மேசையில் வைப்பேன். அதன் பிறகு பகடை பார்த்துக்கொள்ளும்.