படகோடு பிறக்கும் பொருள்

ஃபைபர் படகு வாங்கப் போகும் அனுபவசாலி மீனவர் நிறத்தைப் பார்த்து மயங்குவதில்லை. ஒரு நாணயத்தை எடுத்து அடிப்பக்கத்தைச் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போவார். 'டிக், டிக்' என்று வரும் சத்தம் ஓரிடத்தில் 'டொக்' என்று மங்கினால், உள்ளே அடுக்கு ஒட்டாமல் காற்று நிற்கிறது என்று தெரிந்துகொள்வார். விமானப் பராமரிப்பிலும் இந்தத் தட்டல் உண்டு. ஆனால் கண்ணாடி இழை எவ்வளவு, ரெசின் எவ்வளவு என்பதை நாணயம் சொல்லாது. படகின் ஆயுளோ அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

எஃகுத் தகடு ஆலையிலிருந்து வரும்போதே இன்ன பலம் என்று சான்றோடு வருகிறது. ஃபைபர் போன்ற கூட்டுப்பொருளின் கதை வேறு. பொருளும் படகும் ஒரே அச்சுக்குள் ஒரே நேரத்தில் பிறக்கின்றன. கட்டுகிறவரின் கைதான் அங்கே ஆலை. இந்தத் துறையின் முன்னேற்றம் என்றால் கார்பன் இழையைப் பற்றியே பேசுகிறோம். செய்முறையைப் பற்றி அதைவிட அதிகம் பேச வேண்டும் என்பது என் கருத்து.

கடலூர்ப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் மே மாதத்தில் அரை நாள் நின்றேன். அச்சில் மெழுகு பூசி, ஜெல்கோட் என்ற மேற்பூச்சு அடித்து, அதன்மேல் சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் என்ற கண்ணாடி இழைப் பாயை விரித்துக்கொண்டிருந்தார்கள். ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட் ஒன்றிரண்டு சதவீதம்தான் சேரும். அந்த வெக்கையில் அதுவே அதிகம். "அண்ணே, வாளி சுடுது!" என்று ஒரு தம்பி கத்தினார். ரெசின் இறுகத் தொடங்கிவிட்டது. அதன்பின் ரோலர் ஓடவில்லை, பறந்தது. குமிழ்களை நிதானமாக ஓட்டி வெளியேற்ற நேரமில்லை. மிஞ்சிய ரெசினை அப்படியே ஊற்றித் தேய்த்தார்கள். பளபளவென்று அழகாகத்தான் இருந்தது. வலுவைக் கொடுப்பது இழை. ரெசின் அதைப் பிடித்துவைப்பது. மேட்டை மட்டும் கையால் அடுக்கும் இந்த முறையில் நன்றாகச் செய்தாலே எடையில் 30 சதவீதம்தான் கண்ணாடி. அவசரம் அதையும் குறைத்து, படகைக் கனமாகவும் எளிதில் விரிசல் விடுவதாகவும் ஆக்குகிறது.

முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். ரெசினிலிருந்து எழும் ஸ்டைரீன் ஆவியைத் துண்டு தடுக்காது. மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும் என்ற வரிசையில் ஸ்டைரீனை சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2018இல் சேர்த்திருக்கிறது. இந்த முறையின் முதல் குற்றமாக இதையே சொல்வேன்.

ஆனாலும் கரை ஃபைபருக்கு மாறியதில் நியாயம் உண்டு. கட்டுமரம் தண்ணீர் குடிக்கும். அவிழ்த்து உலர்த்த வேண்டும். மரத்தைப் புழு துளைக்கும். ஃபைபரில் அந்தத் தொல்லை இல்லை. உடைந்தால் கால் வாளி ரெசினும் ஒரு முழம் மேட்டும் போதும், மணலிலேயே ஒட்டிவிடலாம். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஏராளமான ஃபைபர் படகுகள் வந்து இறங்கின. அந்த அவசரத்தில் தரம் குறைந்த படகுகளும் கரைக்கு வந்தன.

மாற்று இருக்கிறது. உலர்ந்த இழையை அச்சில் அடுக்கி, மேலே பிளாஸ்டிக் உறை போட்டு ஓரத்தை அடைத்து, உள்ளிருக்கும் காற்றை பம்பால் உறிஞ்சினால் ரெசின் தானாக இழைக்குள் ஓடிப் பரவும். அமெரிக்காவில் இதன் ஒரு வடிவத்துக்கு 1990இல் காப்புரிமை தரப்பட்டது. இன்றைய பெரிய காற்றாலை இறக்கைகள் பெரும்பாலும் இப்படித்தான் செய்யப்படுகின்றன. கண்ணாடியின் பங்கு 60 சதவீதத்தைத் தாண்டும், ஆவியும் பெருமளவு உறைக்குள் அடங்கும். குறையும் உண்டு: உறையும் குழாயும் ஒருமுறை போட்டதும் குப்பை, ஊசிமுனை ஓட்டையோ பாதியில் மின்வெட்டோ போதும், முழு உடலும் வீணாகும்.

வடிவமைப்பிலும் எல்லாப் புதுமையும் இந்தக் கரைக்கு ஒத்துவராது. மேட் அடுக்கின் விறைப்பு எஃகில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குதான். தடிமனை இரட்டிப்பாக்கினால் வளையாமல் நிற்கும் திறன் எட்டு மடங்காகும். அதனால்தான், எடையை அதிகம் ஏற்றாமல் தடிமனைக் கூட்ட, இரண்டு மெல்லிய தோல்களுக்கு நடுவே நுரைப்பலகை வைக்கும் உத்தி வந்தது. உல்லாசப் படகுக்கு அது அருமை. தினமும் மணலில் இழுபடும் படகில் வெளித்தோல் தேய்ந்து ஓட்டை விழுந்தால் நடுவில் தண்ணீர் தேங்கும். இங்கே ஒற்றைத் தோலும், உள்ளே நெடுக விலாச்சட்டங்களும், தேய்ந்தால் மறுபடி கட்டக்கூடிய தடித்த ஏராவும்தான் சரி.

கட்டுமரத்திடம் இருந்த ஒரு குணத்தை ஃபைபர் இழந்துவிட்டது. கட்டுமரம் மூழ்காது. கண்ணாடியும் ரெசினும் தண்ணீரைவிடக் கனம். கவிழ்ந்து நிறைந்த படகு மிதக்க வேண்டுமானால் அடைத்த அறைகளில் நுரை வேண்டும். தெர்மாகோல் மலிவு, ஆனால் பாலியெஸ்டர் ரெசின் பட்டால் கரைந்துபோகும். பாலியூரிதேன் நுரைதான் ஏற்றது. அதில் மிச்சம் பிடிப்பவர் ஆளின் உயிரில் மிச்சம் பிடிக்கிறார்.

பழைய மரம் அடுப்புக்குப் போனது. பழைய ஃபைபர் எங்கும் போவதில்லை, எரித்தால் கரும்புகை. பிரான்சில் 2019 முதல் படகுத் தயாரிப்பாளர்கள் பணம் போட்டு, ஓய்ந்த படகுகளைச் சேகரித்து உடைக்கும் ஏற்பாடு நடக்கிறது. கரைத்துப் பிரிக்கக்கூடிய ரெசினால் செய்த காற்றாலை இறக்கைகளும் கடலில் சுழலத் தொடங்கிவிட்டன. நம் கொட்டகைகளுக்கு அந்த விலை இன்று கட்டாது.

கட்டக்கூடியது ஒன்றைக் கேட்கிறேன். பின்பலகையில் தண்ணீர் வடியத் துளை போடும்போது ஒரு வட்டத்துண்டு விழும். அதை எடைபோட்டு மின் உலையில் 600 டிகிரிக்கு மேல் வைத்தால் ரெசின் எரிந்து கண்ணாடி மட்டும் மிஞ்சும். அதை மறுபடி எடைபோட்டால் இழையின் பங்கு தெரிந்துவிடும். நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகமே இருக்கிறது. கரையோரப் பொறியியல் கல்லூரிகளுக்கும் இது பெரிய வேலை அல்ல. மானியம் தரும் அரசு, அந்த எண்ணைப் படகின் பதிவுப் புத்தகத்தில் எழுதச் சொல்லட்டும்.