பாயிரமில்லாத பந்தயங்கள்

கவிதைக்குத் திறனாய்வு உண்டு. கதைக்கும் நாடகத்திற்கும் உண்டு. அறிவிப்பு என்னும் எழுத்தை மட்டும் எவரும் திறனாய்வதில்லை. ஒரு நிகழ்ச்சி எந்நாளில், எவ்விடத்தில், யாருக்காக நடைபெறுகிறது என்று கூறும் சில வரிகளில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது எனக் கற்றோர் கருதிவிடுகின்றனர். ஆயினும், பொதுமக்கள் நாள்தோறும் படிக்கும் எழுத்து அதுவே. கவிதை விளங்காவிடில் வாசகன் மீண்டும் ஒருமுறை படிப்பான். அறிவிப்பு விளங்காவிடில் பேருந்தைத் தவறவிடுவான், பணத்தை இழப்பான், சில வேளைகளில் உடலுக்கே ஊறு தேடிக்கொள்வான்.

இவ்வெழுத்து இன்று அடைந்துள்ள தாழ்வை அறிய மிதிவண்டி ஓட்ட நிகழ்ச்சிகளுக்கான இணையத்தளங்கள் தக்க சான்றாகும். மலேசியாவில் தொழில்முறை வீரர்கள் பங்குகொள்ளும் லங்காவி மிதிவண்டிப் பந்தயம் 1996ஆம் ஆண்டு தொடங்கியது. அத்தகைய பந்தயங்களைச் சாலையோரம் நின்று கண்டு களித்தோர் பலர். இன்று அலுவலக ஊழியரும் ஆசிரியரும் மாணவரும் கட்டணம் செலுத்தித் தாமே ஓட்டிச் செல்லும் பொது நிகழ்ச்சிகளும் நடைபெறுகின்றன. உடல்நலம் பேணும் இம்முயற்சி பாராட்டத்தக்கது. ஆனால், பங்குகொள்ள விரும்பும் ஒருவர் அந்நிகழ்ச்சியின் தளத்தைத் திறந்தவுடன் அவரை எதிர்கொள்வது யாது? மலைச்சாலையில் விரையும் வீரரின் படம், நொடிக்கு நொடி குறைந்துவரும் கடிகாரம், ஆதரவாளர்களின் சின்னங்கள், "இன்றே பதிவு செய்வீர்" என்னும் பெரிய பொத்தான். எங்கே, எப்போது, எத்தனை கிலோமீட்டர், எத்தனை வெள்ளி என்னும் நான்கு வினாக்களுக்கும் அங்கே விடை இருப்பதில்லை.

நன்னூல் காட்டும் குற்றங்கள்

பவணந்தி முனிவர் நன்னூலில் நூலுக்குரிய குற்றங்கள் பத்தினை வகுத்துக் கூறியுள்ளார். இலக்கண நூலுக்கென அவர் வகுத்த அளவுகோல் இத்தளங்களுக்கும் பொருந்துவது வியப்புக்குரியது.

நாளும் மாதமும் எழுதி ஆண்டினை விட்டுவிடும் தளங்கள் உள. சென்ற ஆண்டின் பக்கமே அகற்றப்படாமல் கிடக்கையில், படிப்பவர் நடந்து முடிந்த நிகழ்ச்சிக்கு ஆயத்தமாகக்கூடும். இது குன்றக் கூறல். பதக்கத்தின் அழகையும் சட்டையின் துணியையும் பத்தி பத்தியாகப் புகழ்வது மிகைபடக் கூறல். நிகழ்ச்சியை விடுத்து ஆதரவாளரின் விற்பனைப் பொருளை விளக்கப் புகுவது மற்றொன்று விரித்தல். ஒரு பக்கத்தில் காலை 6 மணி என்றும், வினா விடைப் பக்கத்தில் 6.30 மணி என்றும் குறிப்பது மாறுகொளக் கூறல். சிங்கப் பிரிவு, கழுகுப் பிரிவு என்பன போன்ற பெயர்களைச் சூட்டிவிட்டு, எப்பிரிவு எத்தனை கிலோமீட்டர் எனச் சொல்லாதிருப்பது மயங்க வைத்தல். ஆரவாரத்துடன் தொடங்கி, இறுதியில் "மேல்விவரம் பின்னர்" என ஓய்ந்துவிடுவதோ சென்று தேய்ந்திறுதல்.

நன்னூலார் கண்டிராத குற்றமும் ஒன்று உண்டு. அது விவரங்களையெல்லாம் படமாக்கி ஒட்டிவிடுவதாகும். கண்ணுக்கு எழுத்தாகத் தோன்றினும் அது எழுத்தன்று. கைப்பேசித் திரையில் பெரிதாக்கினால் மங்குகிறது, தேடினால் அகப்படுவதில்லை. எழுத்தை ஒலியாக்கித் தரும் கருவியின் துணையால் படிக்கும் பார்வையற்றவருக்கு, வேறு விளக்கம் இணைக்கப்படாத அப்படம் வெற்றிடமே.

பாயிரம் என்னும் வாயில்

குற்றங்களைச் சுட்டுவதோடு நன்னூல் நின்றுவிடவில்லை. எத்துணை விரிந்ததாயினும் பாயிரம் இல்லாதது நூலாகாது என்பது அவ்வாசிரியர் துணிபு. சிறப்புப் பாயிரம் எட்டுச் செய்திகளைக் கூற வேண்டும். நூலைச் செய்தவர் யார், அதன் பெயர் யாது, எதனைப் பற்றியது, எவ்வழி வந்தது, அது வழங்கும் எல்லை யாது, எவ்வாறு தொகுக்கப்பட்டது, கேட்டற்கு உரியோர் யாவர், கற்பதனால் விளையும் பயன் யாது என்பன அவை. காலம், களம், காரணம் ஆகிய மூன்றனையும் சேர்த்துப் பதினொன்று என்பாரும் உளர்.

இப்பதினொன்றையும் மிதிவண்டி நிகழ்ச்சியின் மேல் ஏற்றிப் பார்த்தால் ஒரு முழுமையான அறிவிப்பு உருவாகிவிடும். செய்தவர் ஏற்பாட்டாளர். கேட்போர் பங்குகொள்ளத் தகுதியுடையோர்; அதாவது வயதும் வண்டியின் வகையும் ஆகும். காலம் புறப்படும் நேரமும் முடிக்க வேண்டிய நேரமும். களம் புறப்படும் இடம். யாப்பு பிரிவுகளின் அமைப்பு. வழி, எல்லை என்னும் சொற்களுக்கு இலக்கணத்தில் வேறு பொருள் உண்டெனினும், ஈண்டு அவை செல்லும் பாதையையும் தூரத்தையும் குறிப்பனவாகக் கொள்ளலாம். பாயிரத்தில் காணப்பெறாத ஒன்று கட்டணம் மட்டுமே. நூலுள் நுழையுமுன் அது தனக்கு உரியதுதானா எனத் துணிவதற்கு வாசகனுக்கு உரிமை உண்டு என்பதே பாயிரத்தின் உட்கருத்து. அந்த உரிமையைத்தான் இத்தளங்கள் மறுக்கின்றன.

வரலாறு கூறும் பாடம்

விளம்பரமும் மிதிவண்டிப் பந்தயமும் உடன்பிறந்தவை. பிரான்சு நாட்டின் 'லோட்டோ' என்னும் விளையாட்டு நாளேடு தன் விற்பனையைப் பெருக்கிக்கொள்ளும் நோக்குடன் 1903ஆம் ஆண்டு சனவரியில் ஒரு நெடும்பந்தயத்தை அறிவித்தது. இன்று உலகப் புகழ் பெற்று விளங்கும் பிரான்சு சுற்றுப் பந்தயத்தின் தொடக்கம் அதுவே. மே மாத இறுதியில் தொடங்கி ஐந்து வாரங்கள் நடைபெறும் என்றும், நுழைவுக் கட்டணம் 20 பிராங்கு என்றும் முதலில் வகுக்கப்பட்டது. பெயர் கொடுத்தோர் மிகச் சிலரே. ஏட்டின் ஆசிரியர் ஆன்றி தெகிராஞ்சு குறிப்பறிந்து திட்டத்தை மாற்றினார். பந்தயம் சூலை மாதத்திற்கு ஒத்திவைக்கப்பட்டது, நாள்கள் குறைக்கப்பட்டன, கட்டணம் 10 பிராங்காகத் தணிந்தது. சூலை 1ஆம் நாள் பாரிசுக்கு அருகிலுள்ள மோஞ்செரோன் என்னும் ஊரிலிருந்து 60 பேர் புறப்பட்டனர். ஆறு கட்டங்களாக அமைந்த 2,428 கிலோமீட்டரை 21 பேர் கடந்து முடித்தனர்.

இதனின்று பெறப்படும் உண்மை ஒன்று உண்டு. கால அளவும் கட்டணமும் வெளிப்படையாக இருந்தமையால்தான் வீரர்களால் "இது எமக்கு இயலாது" என விலகி நிற்க முடிந்தது. அவர்கள் விலகி நின்றமையால்தான் ஏற்பாட்டாளரால் தம் பிழையைத் திருத்திக்கொள்ள முடிந்தது. தெளிவான அறிவிப்பு படிப்பவருக்கு மட்டுமின்றி எழுதியவருக்கும் ஆசானாகிறது. விவரத்தை மறைப்பவர் அந்த ஆசானை இழந்துவிடுகிறார்.

நெடுந்தூர ஓட்டத்தில் இன்றும் தெளிவு பேணப்படும் மரபு ஒன்று உண்டு. பாரிசிலிருந்து பிரெசுட்டு நகருக்குச் சென்று மீளும், ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் ஓட்டம் 1891இல் முதன்முதலாக நடந்தது. இன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, பரிசு நோக்காத ஆர்வலர்களுக்காக அது நடத்தப்படுகிறது, 2023இலும் நடந்தது. உச்ச நேரவரம்பு 90 மணி. அதற்குத் தகுதி பெறுவதற்கான ஓட்டங்களின் அளவுகளும் உறுதியானவை. 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி, 300க்கு 20 மணி, 400க்கு 27 மணி, 600க்கு 40 மணி என வரையறுத்துள்ளனர். ஒவ்வொரு சோதனை நிலையத்திற்கும் திறக்கும் நேரமும் மூடும் நேரமும் உண்டு. பங்குகொள்பவர் கையிலுள்ள அட்டையில் அவை குறிக்கப்படுகின்றன. அந்த அட்டையில் ஒரு சொல்லும் வீணில்லை. இரவில், மழையில், களைத்த கண்களால் படிக்கப்படுவது அது என்பதை எழுதியவர்கள் உணர்ந்திருக்கின்றனர்.

எண்ணின் அருமை

எண்ணும் எழுத்தும் கண்ணெனப் போற்றிய மரபினர் தமிழர். தூரத்தைக் கூறிவிட்டு ஏற்றத்தைக் கூறாதிருப்பது ஒரு கண்ணை மூடுவதற்கு ஒப்பாகும். தைவான் நாட்டில் நடைபெறும் மலையேற்றப் பந்தயம் ஒன்றின் நீளம் ஏறக்குறைய 105 கிலோமீட்டர். சமவெளியில் இத்தூரத்தைப் பயிற்சியுடையவர் ஒரு காலைப்பொழுதில் கடந்துவிடலாம். ஆனால் அப்பாதை கடற்கரையில் தொடங்கி 3,275 மீட்டர் உயரமுள்ள உலிங் கணவாயில் முடிகிறது. இரண்டாவது எண்ணைக் கேட்டவுடன் முதல் எண்ணின் பொருளே மாறிவிடுகின்றது. கெந்திங் மலைச்சாலையை ஒருமுறை மிதித்து ஏறியவர்க்கு இது சொல்லாமலே விளங்கும்.

இத்தகைய விவரங்களின்றி யார் துன்புறுவர்? வசதி படைத்தவர் தொலைபேசியில் விசாரிப்பார். கழகத்து நண்பரைக் கேட்பார். தவறிப்போனாலும் கட்டணத்தை மறந்துவிடுவார். சிற்றூரிலிருந்து பேருந்தில் வண்டியை ஏற்றிவரும் இளைஞனுக்கு அந்த வாய்ப்பில்லை. விடியுமுன் புறப்பாடு என்றால் அவன் முதல்நாள் இரவே வந்து தங்க வேண்டும். தங்கும் செலவு கட்டணத்தை விஞ்சிவிடும். சாலை முற்றிலும் அடைக்கப்படுமா, சரக்குந்துகளுக்கு நடுவே ஓட்ட வேண்டுமா என்பது ஒரு தாய் தன் மகளை அனுப்புமுன் கேட்கும் முதல் வினா. வெயில் ஏறியபின் தண்ணீர் எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை கிடைக்கும் என்பது உயிரோடு தொடர்புடைய செய்தி. இவற்றுக்கு விடை கூறாத தளம், ஏற்கெனவே அறிந்தவர்களுக்கு மட்டுமே கதவைத் திறக்கின்றது. புதியவர் வாயிலிலேயே திரும்பிவிடுகிறார்.

மறுப்பும் விடையும்

ஏற்பாட்டாளர் தரப்பிலும் நியாயம் உண்டு. காவல் துறையின் இசைவும் சாலையை அடைப்பதற்கான அனுமதியும் கிடைக்கும்வரை பாதையை உறுதியாகக் கூற இயலாது. ஆதரவாளர் தம் சின்னம் முதலில் இடம்பெற வேண்டுமென வற்புறுத்துவர். குறைந்த ஆள்வலிமையுடன் ஆர்வத்தினாலேயே நடத்தப்படும் நிகழ்ச்சிகளும் உண்டு. இவற்றை மறுப்பதற்கில்லை. எனினும், உறுதியாகாததை "உறுதியாகவில்லை, இன்ன நாளில் அறிவிக்கப்படும்" என்று எழுத எவ்வளவு இடம் வேண்டும்? அறியாததை அறியாததாகக் கூறுவதும் செய்தியே. சின்னங்களுக்கு மேலே நான்கு வரிகள் இருந்தால் எந்த ஆதரவாளரும் வறியவராகிவிட மாட்டார்.

ஆனால், பெயரும் அடையாள அட்டை எண்ணும் தொலைபேசி எண்ணும் சட்டையின் அளவும் கொடுத்த பின்னரே கட்டணத்தைக் காட்டும் முறைக்கு எந்த நியாயமும் இல்லை. இவ்வளவு எழுதிய பின் பின்வாங்க மனம் வராது என்னும் மனித இயல்பைப் பயன்படுத்திக்கொள்ளும் முறை அது. மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நோக்கத்திற்குத் தேவையான அளவினை மிஞ்சித் தரவு திரட்டலாகாது என்னும் நெறியைக் கொண்டுள்ளது. விலை கேட்க வந்தவரின் அடையாள எண் எந்த நோக்கத்திற்குத் தேவை? சந்தையில் கத்தரிக்காய் விற்பவரும் விலையைச் சொன்ன பின்னரே பையை நீட்டுகிறார்.

ஆசிரியர் கடன்

தமிழ்ப்பள்ளிகளில் அறிவிப்பு எழுதும் பயிற்சி உண்டு. தலைப்பு, நாள், நேரம், இடம், தொடர்பு கொள்ள வேண்டியவர் என்னும் கூறுகளை ஒரு மாணவன் விட்டுவிட்டால் ஆசிரியர் மதிப்பெண்ணைக் குறைக்கிறார். பன்னிரண்டு வயதுக் குழந்தையிடம் எதிர்பார்க்கும் ஒழுங்கைப் பெரியோர் நடத்தும் தளங்களில் காண முடியாமற்போவது கல்வியின் குறையா, பண்பின் குறையா என்பது சிந்திக்கத்தக்கது. எழுதத் தெரியாமையால் நேர்வது கல்வியின் குறை. படிப்பவர் நிலையில் நின்று எண்ணிப் பாராமையால் நேர்வது பண்பின் குறை. இரண்டாவதே இங்கு மிகுதி.

ஆதலின், இத்தகைய தளமொன்றை வகுப்பறைக்குக் கொண்டுவந்து, "இதில் விடுபட்டவை யாவை?" என மாணவரை வினவுவது பயன்தரும் பயிற்சியாகும். அவர்கள் விடுபட்டவற்றைப் பட்டியலிடட்டும். அதன்பின் அதே நிகழ்ச்சிக்கு எட்டு வரியில் ஓர் அறிவிப்பு எழுதட்டும். நன்னூலின் பாயிரவியல் தேர்வுக்குப் பின் மறந்துபோகும் பாடமாக இல்லாமல், நாளை அவர்களே ஒரு விழாவையோ ஓட்டத்தையோ நடத்தும்போது கைகொடுக்கும் அறிவாக அப்போது நிலைபெறும். அழைப்பவர் வழி சொல்லி அழைக்க வேண்டும். வழி சொல்லாத அழைப்பு, எத்துணை வண்ணப் படங்களுடன் வந்தாலும், விருந்தினரை மதித்த அழைப்பாகாது.