பனி பெய்யாத நகரிற் பனிக்காலச் சின்னங்கள்

டிசெம்பர் மாதத்தின் நடுப்பகுதியிற் கொட்டாஞ்சேனையின் ஒழுங்கைகளிலே நடப்போர் ஒரு முரண்பாட்டைக் காணாதிருத்தல் இயலாது. வீட்டு வாயில்களில் நட்சத்திரக் கூடுகள் தொங்குகின்றன. பாலன் குடிலின் வைக்கோற் கூரைமீது பஞ்சு தூவப்பட்டிருக்கின்றது. கடைவாயில்களிற் கம்பளி அங்கி பூண்ட நத்தார் தாத்தா வியர்த்தபடி நிற்கின்றார். பஞ்சு உறைபனியைக் குறிப்பது. கம்பளி கடுங்குளிரைக் குறிப்பது. இவ்விரண்டையும் அவ்வீதியில் வாழ்வோருட் பெரும்பாலானோர் கண்டவரல்லர். இதே நாட்களில், வைகறையில், அயலிலுள்ள பொன்னம்பலவாணேசுவரத்திலே திருவெம்பாவை ஓதப்படுகின்றது. வெள்ளவத்தையின் அடுக்குமாடி வீடுகளிலும் மார்கழி நீராட்டும் கோலமும் நினைக்கப்படுகின்றன.

இச்சின்னங்களின் தோற்றம் யாது, பொருள் யாது என்னும் வினா புதியதன்று. அதற்கு நம்மிடையே வழங்கும் விடைகள் இரண்டு. நத்தார்ச் சின்னங்கள் யாவும் குடியேற்ற ஆட்சியின் எச்சங்கள். நம் மண்ணுக்குப் பொருந்தாத இரவற் பொருட்கள் என்பது முதலாவது. அவை கிறிஸ்தவத்துக்கே உரியனவல்ல. உரோமரதும் செர்மானியரதும் பழைய ஞாயிற்று வழிபாட்டின் மாற்றுருவங்களே என்பது இரண்டாவது. முன்னதைத் தேசியப் பற்றாளர் கூறுவர். பின்னதை வரலாறு கற்றோர் கூறுவர். இரண்டும் ஒரே எடுகோளின்மீது நிற்கின்றன: ஒரு சின்னம் எங்கே பிறந்ததோ அதுவே அதன் பொருள் என்பதே அவ்வெடுகோள். இக்கட்டுரை அதனை மறுக்க முற்படுகின்றது.

முதலில் நாட்களை நோக்குவோம். டிசெம்பர் 25 கிறிஸ்து பிறப்பு நாள் என்னும் குறிப்பு, 354ஆம் ஆண்டைச் சார்ந்த உரோமப் பஞ்சாங்கத் தொகுப்பொன்றிலே காணப்படுகின்றது. அதே தொகுப்பின் வேறொரு பகுதி அந்நாளை ‘வெல்லப்படாதவனின்’ பிறந்த நாளாகக் குறிக்கின்றது. இது ஞாயிற்றுத் தெய்வத்தைக் குறிப்பதென்பர். பேரரசன் அவுரேலியன் 274இல் அவ்வழிபாட்டுக்கு அரச ஏற்பளித்திருந்தான். இதனைக்கொண்டு திருச்சபை பழைய விழாவைத் தனதாக்கியது என்பாரும், மார்ச் 25இல் இயேசு கருவானார் என்ற நம்பிக்கையிலிருந்து ஒன்பது மாதங்களைக் கூட்டியே இந்நாள் கணிக்கப்பட்டது என்பாரும் உளர். எவ்வாறாயினும், யூலியன் நாட்காட்டியின் மரபிலே டிசெம்பர் 25 ஞாயிறு வடக்கு நோக்கித் திரும்பும் நாளாகக் கொள்ளப்பட்டிருந்தது என்பதில் ஐயமில்லை.

அந்நாட்காட்டி ஏறத்தாழ 128 ஆண்டுகளுக்கு ஒருநாள் பிழைத்தது. எனவே 14ஆம் நூற்றாண்டளவில் உண்மையான திருப்பம் டிசெம்பர் 13ஐ ஒட்டி நிகழ்ந்தது. அந்நாள் புனித லூசியாளின் திருநாள். ஒளி என்னும் பொருள்தரும் இலத்தீன் வேர்ச்சொல்லிலிருந்து பெயர்பெற்ற இச்சிசிலித் தீவு மறைசாட்சியின் விழா, வட ஐரோப்பாவில் ஆண்டின் மிக நீண்ட இரவின் விழாவாயிற்று. சுவீடனில் இன்றும் பெண்கள் மெழுகுதிரி முடி சூடி அதனைக் கொண்டாடுகின்றனர். கொட்டாஞ்சேனையின் நடுவிற் குவிமாடத்துடன் உயர்ந்து நிற்கும் பேராலயமும் இதே லூசியாளின் பெயரையே தாங்குகின்றது.

நம் தைப்பொங்கலும் இதற்கு விலக்கன்று. மகர சங்கிராந்தி உத்தராயணத் தொடக்கம் எனப் பஞ்சாங்கங்கள் கூறும். ஆயின் ஞாயிறு உண்மையில் வடக்கே திரும்புவது டிசெம்பர் 21 அல்லது 22இல் ஆகும். நிலவுலகின் அச்சு மெல்லச் சுழல்வதால், விண்மீன்களை அடியாகக்கொண்ட நம் கணிப்பு ஏறத்தாழ 1,700 ஆண்டுகளில் மூன்று வாரங்களுக்கும் மேலாக விலகிவிட்டது. டிசெம்பர் 13, டிசெம்பர் 25, ஜனவரி 14 ஆகிய மூன்றும் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு கணக்குகளின்படி, ஒரே வானியல் நிகழ்ச்சியோடு இணைக்கப்பட்ட நாட்களாகும். இம்மூன்றும் கொட்டாஞ்சேனையில் இன்று கொண்டாடப்படுகின்றன. உண்மையான திருப்ப நாளுக்கோ அங்கு விழா இல்லை. மக்கள் கொண்டாடுவது வானியலையன்று என்பது இதனாற் புலனாகும்.

வானியலுக்குங்கூட இங்கு வலிமை குறைவு. இலண்டன் மாநகரிற் குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகல் எட்டு மணித்தியாலத்துக்கும் குறைவு. கோடையின் நெடும்பகல் பதினாறரை மணித்தியாலத்துக்கும் மேல். கொழும்பிலே ஆண்டின் நெடும்பகலுக்கும் குறும்பகலுக்குமிடையே உள்ள வேறுபாடு முக்கால் மணித்தியாலம் அளவினதே. இருள் பெருகி ஒளி மீண்டு வரும் அனுபவம் நமக்கு இயற்கை தந்ததன்று. அவ்வாறாயின் ‘ஒளிவிழா’ என்ற பெயரில் நம் பாடசாலைகள் டிசெம்பரை அண்டிக் கொண்டாடுவது எதனை?

இவ்விடத்திற் சொல்லின் துணை வேண்டப்படுகின்றது. தொல்காப்பியம் ஆண்டை ஆறு பொழுதுகளாகப் பகுக்கும். அவற்றுள் முன்பனி மார்கழியும் தையும். குறிஞ்சித் திணைக்குக் கூதிரோடு முன்பனியும் உரிய பொழுதாகும். இங்கே பனி என்பது புல்நுனியில் நிற்கும் நீர்த்துளி, காலை மூட்டம், உடல் நடுக்கும் குளிர். வானிலிருந்து வெண்மையாய் உதிரும் உறைபனிக்குத் தமிழ் நிலத்தில் தனிச்சொல் தேவைப்படவில்லை. பிற்கால மொழிபெயர்ப்பாளர் அதற்கும் பனி என்ற சொல்லையே பயன்கொண்டனர். அதனால், மேனாட்டு நத்தார்ப் பாடல் தமிழில் வரும்போது, பாடுவோன் உறைபனியைக் கருதக் கேட்போன் மார்கழி வைகறையை உணர்கின்றான். மொழிபெயர்ப்பின் குறைபாடு என இதனை ஒதுக்குதல் எளிது. ஆயின் அயற் சின்னமொன்று தமிழ்ப் பொழுதுக்குள் குடிபுகுந்த வாயில் இதுவே என்பது என் துணிபு.

‘நத்தார்’ என்ற சொல்லும் இத்தகையதே. தமிழகம் கிறிஸ்துமஸ் என்று வழங்க, ஈழத்தவர் போர்த்துக்கேய மொழியின் ‘நத்தால்’ என்பதைக் கைக்கொண்டனர். ஈற்று லகரம் ரகரமானதற்கு, அந்தோனியார், சந்தியோகுமையோர் முதலிய உயர்வு விகுதிப் பெயர்களின் ஒப்புமை காரணமாகலாம் எனக் கருத இடமுண்டு. ஒரு நாளின் பெயர் ஒரு பெரியாரின் பெயர்போல ஒலிக்கத் தொடங்கியமை, மக்கள் அதனை எவ்வளவு நெருக்கமாக ஏற்றனர் என்பதற்குச் சான்று.

இனிப் பொருட்களைச் சுருக்கமாக நோக்கலாம். அலங்கார மரம் 16ஆம் நூற்றாண்டில் அல்சாசுப் பகுதியின் செர்மானிய மக்களிடையே பரவியிருந்தது. 1848இல் விக்டோரியா அரசியின் குடும்பம் மரத்தைச் சூழ்ந்து நிற்கும் படமொன்று இலண்டன் இதழில் வெளியானபின், ஆங்கிலேய நடுத்தர வகுப்பினர் அதனைப் பெரிதும் பின்பற்றினர். கொழும்பில் அதன் இடத்தைச் சவுக்கங்கிளையும் மலைநாட்டுச் சைப்பிரசும், பின்னர் பிளாத்திக்கும் நிரப்பின. குடிலின் வரலாறு வேறு. 1223இல் அசிசி நகர்ப் பிரான்சிஸ், கிரேச்சோ என்னும் இத்தாலியச் சிற்றூரில் மாட்டையும் கழுதையையும் வைக்கோலையும் கொண்டு பிறப்புக் காட்சியை அமைத்தார். எழுத்தறியாத உழவர்க்குத் தம் தொழுவத்திலேயே இறைவன் பிறந்ததாகக் காட்டுவது அவர் நோக்கம். இந்நோக்கம் தமிழர் மத்தியில் மரத்தைவிட ஆழமாக வேரூன்றியதில் வியப்பில்லை. மாட்டுக்கொட்டிலும் வைக்கோலும் இங்கு எவர்க்கும் விளக்க வேண்டியன அல்லவே.

உணவிலும் இம்மாற்றத்தைக் காணலாம். ஆங்கிலேயரின் பழக் கேக், இலங்கையில் ரவையும் கஜுவும் பன்னீரும் நீற்றுப்பூசணிப் பாகும் சேர்ந்த வேறொரு பண்டமாயிற்று. அதன் அருகிலே பறங்கியரின் புரூடர் ஒல்லாந்தரை நினைவூட்டும். தமிழ் வீடுகளிற் பயற்றம் பணியாரமும் அதே தட்டில் இடம்பெறும். இத்தட்டை அயலார் தட்டு என்பார், அதனைச் சமைத்த கைகளை மறந்தவராவர்.

நமதென நாம் ஐயுறாது கொள்ளும் சின்னங்களும் அசையாதிருந்தவை அல்ல. சங்கத் தொகைநூல்கள் தைந்நீராடலைப் பேசுகின்றன. பரிபாடல் மார்கழித் திருவாதிரையை ஒட்டிய கன்னியரின் நீராடலைக் கூறுகின்றது. மாணிக்கவாசகரும் ஆண்டாளும் அந்நோன்பைப் பத்திப் பாடலாக மாற்றினர். தமிழ்ப் பாவைப் பாடல்கள் சியாம் நாட்டு அரசவைப் பிராமணரின் விழாவிற் பெயரளவில் நின்று, பாங்கொக் நகரின் ஊஞ்சல் விழாவோடு இணைந்தன. மழையும் நல்ல கணவனும் வேண்டிய நோன்பு வீடுபேற்றின் பாடலாகி, கடல் கடந்து அரச சடங்குமாயிற்று. இவற்றுள் எது உண்மைப் பொருள்?

வெள்ளவத்தைத் தைப்பொங்கலை நோக்குவோர்க்கு விடை கிடைக்கும். அங்கு வயல் இல்லை, புதிர் இல்லை, பலருக்கு முற்றமும் இல்லை. காலி வீதியில் வாங்கிய கரும்பும் கடையரிசியும், மாடி வீட்டின் வாயு அடுப்பும், சீமெந்துத் தரையிலிட்ட கோலமுமே உள. பனியில்லாத ஊரிற் பஞ்சு தூவுதல் போலி எனின், வயலில்லாத வீட்டில் அறுவடை கொண்டாடுதலும் போலியே. ஆயின் அதனைப் போலி என்போர் எவருமிலர். போர்க் காலத்தில் வடக்கையும் கிழக்கையும் விட்டுவந்த குடும்பங்களுக்கு அப்பானை, விட்டுவந்த முற்றத்தைக் குறித்தது. சின்னம் தன் இயற்கைக் காரணத்தை இழந்த இடத்திலேதான் அதன் சமூகப் பொருள் தெளிவாகத் தெரிகின்றது.

சின்னங்கள் எப்போதும் இணைத்தே வைக்கும் என்று கூற நான் வரவில்லை. 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறன்று, கொட்டாஞ்சேனையிற் பௌத்த ஊர்வலமொன்று தாக்கப்பட்டுக் கலவரம் மூண்டது. அதன் பின்விளைவாக எழுந்த இயக்கத்தால் 1885இல் வெசாக் விடுமுறை கிடைத்தது. பௌத்தக் கொடியும் உருவாயிற்று. நத்தார் வாழ்த்து மடலையும் கரோல் பாடலையும் ஒத்த வெசாக் மடலும் பத்திப் பாடலும் பின்னர் வழக்கத்துக்கு வந்தன. எதிர்த்தவனிடமிருந்தே வடிவம் பெறப்பட்டது. 2019 ஏப்ரல் 21, மற்றோர் உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயம் குண்டுவெடிப்பிற் குருதியில் மூழ்கியது. அவ்வாண்டு டிசெம்பரில் அவ்வயலில் ஏற்றப்பட்ட திரிகளுக்கு உரோமரின் ஞாயிறு பொருளாகாது. செர்மானியரின் நீண்ட இரவும் பொருளாகாது. இறந்தோரை நினைத்து, வாழ்வோர் மீண்டும் ஒன்றுகூடியதே அவற்றின் பொருள்.

தோற்றம் பற்றிய ஆராய்ச்சி வேண்டாம் என்பது இதனாற் பெறப்படுவதன்று. இக்கட்டுரையின் பெரும்பகுதி அத்தகைய ஆராய்ச்சியே. ஆயின் தோற்றத்தைத் தீர்ப்பாக்கும் வழக்கம் சின்னங்களோடு நிற்பதில்லை. ‘இது எங்கிருந்து வந்தது?’ என்ற வினா ‘இவன் எங்கிருந்து வந்தான்?’ என்பதாக மாற அதிக காலம் செல்லாது. அவ்வினா இந்நாட்டிலே தமிழரை நோக்கி வினவப்பட்டதை நாம் அறிவோம். அதே அளவுகோலைக் கொட்டாஞ்சேனையின் தமிழ்க் கத்தோலிக்கரை நோக்கி நாமே நீட்டுவோமாயின், நம் முறைப்பாட்டின் அறம் யாது?

திருவெம்பாவைக் குழு சங்கும் சேமக்கலமும் ஒலிக்க வைகறையில் வீதி வருகின்றது. கரோல் குழு விளக்குகளுடன் முன்னிரவில் அதே வீதியில் வருகின்றது. இரண்டும் உறங்குவோரின் கதவடியில் நின்று பாடுகின்றன. இவ்விரு குழுக்களின் பாடல், இசை, வாய்மொழி நினைவு ஆகியவற்றை ஒப்புநோக்கித் தொகுக்கும் பணி, நம் தமிழ்த்துறை மாணவர் மேற்கொள்ளத் தக்கது. அதற்குத் தொலைநாட்டு நூலகங்கள் வேண்டியதில்லை. மார்கழி மாதத்திற் கொட்டாஞ்சேனைக்குச் சென்று, இரவும் விடியலும் செவிகொடுத்தல் போதும்.