யாருக்காக நிற்கிறோம்?

தைப்பூசம் நெருங்கும் நாட்களில் திண்டுக்கல்லில் ஓர் அதிசயத்தைக் காணலாம். காரைக்குடிப் பக்கமிருந்து நத்தம் வழியாகப் பழனிக்குப் பாதயாத்திரைக் கூட்டம் வருகிறது. சாதாரண நாட்களில் யாருக்கும் வழிவிடாத டிரைவர்களில் பலர், "அரோகரா" என்ற குரல் கேட்டதும் பிரேக்கை மிதித்துவிடுகிறார்கள். ஒருவர் கன்னத்தில்கூடப் போட்டுக்கொண்டார்.

பூசம் கழிந்த மறுவாரம் அதே வீதியில், பேரப்பிள்ளையின் கையைப் பிடித்தபடி ஒரு பாட்டி நின்றிருந்தாள். காலடியில் வெள்ளைக் கோடுகள். ஆனால் ஒரு வண்டியும் நிற்கவில்லை, ஹாரன்தான் அதட்டியது.

1951-ல் பிரிட்டனில் இந்த வரிக்குதிரைக் கோடுகள் வந்தபோதே, அதில் கால் வைத்தவருக்குத்தான் முதல் உரிமை என்று சட்டம் சொல்லிவிட்டது. நம் நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாகன ஓட்டு விதிகளும் நடப்பவருக்கு வழிவிடச் சொல்கின்றன. ஆகவே சட்டத்தில் குறை இல்லை. பிரேக்கிலும் குறை இல்லை என்பதைத்தான் தைப்பூசம் காட்டிவிட்டதே!

விரதம் இருந்து நடப்பவர் நமக்கு முருகனடியார். காய்கறிப் பையோடு நடப்பவர் வெறும் இடைஞ்சல். அடியாருக்காகப் பிரேக்கை மிதித்த கால், அந்தப் பாட்டிக்காகவும் ஒரு நிமிஷம் மிதித்தால் முருகன் கோபித்துக்கொள்ளவா போகிறான்?