வில்லும் விரலும்: தனிக் கிற்றாருக்கான இசைமாற்றம் பற்றி ஒரு நோக்கு

ஒரு வாத்தியத்திற்கென ஆக்கப்பட்ட இசையைப் பிறிதொரு வாத்தியத்திற்கு ஏற்ப அமைப்பது மொழிபெயர்ப்பினை ஒத்த பணியாகும். மூலத்தின் சுரங்கள் அனைத்தும் இடம்பெற்றுள்ளனவா என எண்ணிப் பார்ப்பதே அதனை மதிப்பிடும் வழியெனக் கருதுவாருளர். எதனை விட்டுக் கொடுத்து எதனைக் காத்தது என்பதே உரைகல்லாதல் வேண்டும் என்பதைத் தனிக் கிற்றார் இசையை முன்வைத்து ஈண்டு நோக்குவாம்.

கிற்றாரின் எல்லைகள் வெளிப்படையானவை. நரம்புகள் ஆறு; அவற்றை அழுத்த இடக்கையின் நான்கு விரல்கள். மீட்டிய ஒலி அக்கணமே தேயத் தொடங்கும். வில்லால் இழைக்கப்படும் வயலினைப் போல ஒரு சுரத்தை நீட்டி வளர்த்தல் இயலாது. எனவே, தனிக் கிற்றாருக்கு இசை அமைப்போர் முதலிற் செய்யவேண்டுவது தெரிவேயாகும்.

ஸ்பானிய இசையாக்குநர் அல்பேனிஸ் (1860–1909) பியானோவிற்கு இயற்றிய 'அஸ்தூரியாஸ்' இதற்கு நல்ல சான்று. மூலம் ஜீ மைனரில் அமைந்தது. கிற்றாரில் அது ஈ மைனரிலேயே பெரிதும் வாசிக்கப்படுகிறது. இம்மாற்றத்தால், இடைவிடாது ஒலிக்கும் ஆதார சுரம் விரல் அழுத்தாத இரண்டாம் நரம்பில் வந்தமைகின்றது. பியானோ அங்கு கிற்றாரையே பாவனை செய்தது என்பதனால், இம்மாற்றத்தை இசை தன் இல்லம் திரும்பியமை எனலாம்.

பாக் தனி வயலினுக்கு எழுதிய 'சக்கோன்' வேறு வகையினது. வயலின் ஒருங்கே ஒலிக்கவியலாத குரல்களைக் குறிப்பாற் புலப்படுத்த, கேட்போர் உள்ளம் அவற்றை நிரப்பிக் கொள்கிறது. செகோவியா 1935இல் பாரிஸ் நகரில் இதனைக் கிற்றாரில் வாசித்தார். குறிப்பாயிருந்த குரல்கள் பல கிற்றாரில் வெளிப்படையாக ஒலிக்கக்கூடும். ஆயின், குறிப்புப் பொருளனைத்தையும் உரையாசிரியன் விளக்கிவிடின் பாட்டின் சுவை குன்றுமன்றோ? இதே ஆக்கத்தைப் பியானோவிற்கு மாற்றிய பிராம்ஸ் இடக்கைக்கு மட்டுமே எழுதினார். வயலின் கலைஞனின் நெருக்கடியைத் தாமும் விரும்பி ஏற்ற அச்செயல், சேர்த்தலினும் அடங்கி நிற்றலே அரிது என்பதை உணர்த்துகின்றது.

வாத்தியத்தின் உறுப்பிலிருந்து அதன் இசையை அறியும் நெறி எமது மண்ணுக்குப் புதிதன்று. காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள், சிலப்பதிகார அரங்கேற்று காதையின் யாழ்ப் பகுதிக்கு விரிவுரையாக யாத்த 'யாழ் நூல்' (1947) அந்நெறியிற் சென்றதே. அவ்வழியே மட்டக்களப்பு வாவிக்கரையின் பிறிதோர் இசையையும் நாம் அணுகலாம்.

போர்த்துக்கேயர் 1628இல் இங்கு கோட்டை அமைத்தனர். 1638இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். ஆட்சி அகன்றும் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியும் கபிரிஞ்ஞா இசையும் பறங்கியர் சமூகத்திடையே நிலைத்தன. திருமண வீடுகளில் ஆடற்குரியதாய் ஒலிக்கும் இவ்விசையில் வயலின் முன்செல்ல, கிற்றாரும் தாளவாத்தியமும் துணைநிற்கும். அம்மொழி பேசுவோரும் அவ்விசையில் வல்லோரும் அருகிவரும் நிலையில், துணைவாத்தியமான கிற்றாரே முழு இசையையும் தாங்க முடியுமா என்பது வெறும் நுட்ப வினாவன்று.

முடியும் என்பதே எமது துணிபு. ஆயின் சில நிபந்தனைகள் உள. கபிரிஞ்ஞாவின் உயிர் ஆறெட்டுத் தாளத்தின் துள்ளலில் உள்ளது. பெருவிரல் தடித்த மூன்று நரம்புகளையும் திறந்தபடி மீட்டித் தாளத்தைக் காத்தல் வேண்டும். சுருதியும் அதற்கிசையத் தெரியப்படல் வேண்டும். வயலினின் நீண்ட சுரங்களை 'திரெமொலோ' என்னும் விரைவு மீட்டலால் நீட்ட முனைவோர் அத்துள்ளலை இழப்பர். அச்சுரங்களைக் குறுக்கி விடுதலே நேர்மை. அரங்கிற்கு ஏற்ற கம்பீரம் வேண்டி வேகத்தைத் தளர்த்துதலும், ஒத்திசைகளை அடுக்குதலும் ஆடலை ஓவியமாக்கிவிடும்.

அவ்வாறு அமைந்தாலும் கூட்டிசையின் தோழமை தனிக் கிற்றாரில் வாராது, அவ்விழப்பை மறைக்கலாகாது. எனினும், வயலினருகே காலங்காலமாக அமர்ந்து கேட்ட வாத்தியம் அப்பாட்டைத் தன் குரலில் நினைவுகூர்தல் தகும். அவ்வாறு இசைக்கப்படுங்கால் கேட்போர் கால்கள் தாமே தாளமிடின், அம்மாற்றம் வெற்றி பெற்றதென்க.