கல்லில் பொறித்த பெயர்

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலே, எகிப்து நாடு அன்பளிப்பாக அளித்த டெண்டூர் கோயில் நிற்கும் மண்டபம் ஒன்றுண்டு. மண்டபத்தின் பெயர் அரசன் பெயரன்று. சாக்லர் என்னும் மருந்து வணிகக் குடும்பத்தின் பெயர். 2018 மார்ச்சில் புகைப்படக் கலைஞர் நேன் கோல்டின் தம் தோழர்களுடன் அங்கே நுழைந்து, கோயிலைச் சூழ்ந்த நீரிலே மாத்திரைக் குப்பிகளை வீசினார். அந்தக் குடும்பம் விற்ற மாத்திரைக்கு அடிமையாகி மீண்டவர் அவர். 2021 டிசம்பரில் பெயர் அகற்றப்பட்டது.

அதே 2021-இல் வெளிவந்து, பெய்லி கிஃபோர்டு பரிசும் பெற்ற நூல், பேட்ரிக் ராடன் கீஃப் எழுதிய 'எம்பயர் ஆஃப் பெயின்'. புரூக்ளின் மளிகைக்காரர் ஒருவரின் மூன்று மைந்தர்கள் மருத்துவர்களாகி, மருந்து வணிகத்தில் புகுந்து, மாளிகை கட்டிய கதை. மூத்தவர் ஆர்தர், வாலியம் போன்ற மருந்துகளுக்கு விளம்பரம் செய்து, மருத்துவரையே வாடிக்கையாளராக்கும் வித்தையைக் கற்றுக்கொடுத்துவிட்டு 1987-இல் மறைந்தார். தம்பியர் வழியினரின் பர்டியூ நிறுவனம், 1996-இல் ஆக்சிகான்டின் என்ற அபினி இன வலிநிவாரண மாத்திரையைக் கடைக்கு அனுப்பியது. பன்னிரண்டு மணி நேரம் சிறிது சிறிதாகக் கரையவேண்டிய மருந்து; பொடித்து உட்கொண்டாலோ முழு வீரியமும் ஒருங்கே பாயும். மெல்லக் கரைவதால் தவறாகப் பயன்படும் வாய்ப்புக் குறையும் என நம்பப்படுவதாக உறையில் எழுத அரசு அனுமதித்தது. நம்பப்படுகிறதாம்! யார் நம்பினர், எதைச் சோதித்து நம்பினர்?

கீஃபின் எழுத்தில் விறுவிறுப்பு உண்டு, உழைப்பு உண்டு, நீதிமன்ற ஆவணங்களைத் தோண்டியெடுத்த துணிவு உண்டு. நூலை மூடும்போது நமக்குச் சினம் பொங்குகிறது, பொங்கத்தான் வேண்டும். எனினும் குறையொன்று கூறுவேன். தலைமுறைக் கதையாக நூலை அமைத்ததால், பிற நிறுவனங்களும் குற்றத்தில் உண்டு என்று அவர் ஒப்புக்கொண்டபோதிலும், படிப்பவன் மனத்தில் நிற்பது ஒரே குடும்பம். அரக்கனைக் கண்டுகொண்டோம் என்ற நிம்மதியுடன் உறங்கப் போய்விடுகிறான்.

அவனை உறங்கவிடாத செய்தி ஒன்று உண்டு. 1980-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ ஏட்டில், ஜேன் போர்ட்டர், ஹெர்ஷல் ஜிக் என்ற இருவர் எழுதிய கடிதம் வந்தது. ஐந்தே வாக்கியங்கள்! மருத்துவமனையில் இவ்வகை மருந்து பெற்ற 11,882 பேரில், அடிமையானதாகப் பதிவானவர் நால்வர் என்றது அது. மருத்துவமனைக் கட்டிலில், செவிலியர் கண்காணிப்பில் இருந்தோர் அவர்கள். வீட்டுக்கு எடுத்துச் சென்று மாதக்கணக்கில் விழுங்கியோரைப்பற்றிக் கடிதம் ஏதும் கூறவில்லை. ஆயினும் அதுவே வேதவாக்காயிற்று. 2017-இல் அதே ஏட்டில் ஆய்வாளர்கள் கணக்கெடுத்து வெளியிட்டபோது, அக்கடிதத்தை 608 முறை மேற்கோள் காட்டியிருந்தனர். அவற்றில் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டவை, அடிமைத்தனம் அரிது என்பதற்குச் சான்றாகவே காட்டின. அந்நோயாளிகள் மருத்துவமனையில் இருந்தவர்கள் என்பதை நூற்றுக்கு எண்பது சொல்லவேயில்லை!

புரோகிதன் ஓதியதைப் பொருள் கேளாது தலையாட்டிய பாமரனை எள்ளி நகையாடுகிறோமே, பட்டம் பெற்ற இவர்கள் செய்தது என்ன? ஐந்து வரி படிக்க எத்தனை நேரம் பிடிக்கும்? இக்கடிதத்துக்கு நூலில் தனி அத்தியாயமே ஒதுக்கியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இன்னொரு காட்சி. மேற்கு வர்ஜீனியாவிலே கெர்மிட் என்றொரு சிற்றூர். மக்கள் ஏறத்தாழ 400 பேர். அங்கிருந்த ஒரே மருந்துக்கடைக்கு இரண்டாண்டுகளில் வந்து இறங்கிய ஹைட்ரோகோடோன் மாத்திரைகள் ஏறக்குறைய 90 லட்சம். இது சாக்லர் குடும்பத்தின் ஆக்சிகான்டின் அன்று, வேறு சரக்கு. பெட்டி ஏற்றியவன், ரசீது எழுதியவன், சீட்டு எழுதிய மருத்துவன், கண்காணிக்கச் சம்பளம் பெற்ற அதிகாரி, இத்தனை பேரில் ஒருவருக்குமா கூட்டல் தெரியவில்லை? மொத்த வணிகப் பெருநிறுவனங்கள் மூன்றும் ஜான்சன் அண்டு ஜான்சனும் 2600 கோடி டாலர் தர இசைந்தது 2022-இல்தான்.

இப்படிச் சொன்னால், "பார்த்தீர்களா, எல்லோர்மீதும் பழி, எங்கள்மீது மட்டும் ஏன் பாய்கிறீர்கள்?" என்று நிறுவனம் வாய்திறக்கும். 2001-இலேயே ரிச்சர்ட் சாக்லர், தவறாக உட்கொள்வோரே குற்றவாளிகள் என்று மின்னஞ்சலில் எழுதினார். கூட்டு வணிகத்தில் ஆதாயத்தைப் பங்கிடும்போது காலணாவுக்கும் கணக்கு வைத்திருக்கிறார்கள். பழியைப் பங்கிடும்போது மட்டும் பேரேடு தொலைந்துபோகிறது! பங்கு என்றால் அளவு உண்டு. 2007-இல் நிறுவனத்தின் துணை அமைப்பும் உயர் அலுவலர் மூவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டனர்; மூவரில் ஒருவரும் சாக்லர் அல்லர். 2020-இல் நிறுவனம் மீண்டும் ஒப்புக்கொண்டது. குடும்பத்தாரோ தாங்கள் தவறிழைக்கவில்லை என்றே கூறிவந்தனர். பாதிக்கப்பட்டோர் இசைவின்றி அவர்களுக்கு வழக்குகளிலிருந்து காப்பு அளிக்கும் ஏற்பாட்டை, 2024-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் தள்ளிவிட்டது.

கண்மூடிப் பழகிய கை, எதிர்த்திசையிலும் கண்மூடியே ஓடியது. 2016-இல் நோய்த் தடுப்பு மையம், இம்மருந்துகளை எச்சரிக்கையுடன் எழுதுமாறு வழிகாட்டியது. அதையும் ஆணையாக எடுத்துக்கொண்ட மருத்துவர் பலர், ஆண்டுக்கணக்கில் அம்மருந்தால் நடமாடிவந்த நோயாளிகளுக்குத் திடீரெனச் சீட்டை நிறுத்தினர். வலியால் துடித்தவர்கள் கதவுதோறும் அலைந்தனர். 2022-இல் மையமே வழிகாட்டுதலைத் திருத்தி எழுத நேர்ந்தது. அந்த நோயாளியை நான் இந்நூலிலே தேடினேன். வாரிசுகளும் வழக்கறிஞர்களும் நிறைந்த பக்கங்களில், அவருக்குக் கிடைத்த இடம் குறுகியதே.