சத்தம் எங்களிடம் செல்லாது

விஸ்வநத்தத்தில் சத்தம் போட்டு யாரையும் அசத்திவிட முடியாது. சிவகாசியை ஒட்டிய ஊர். எந்தத் திசையில் போனாலும் பட்டாசு ஆலை. வெடியின் ஓசையைக் கேட்டே கட்டு இறுக்கமா தளர்வா, மருந்து கூடவா குறைவா என்று சொல்லிவிடும் போர்மேன்கள் இங்கே தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊருக்குள், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் சைலன்சர் படபடவென்று பொரியும்படி ரீமேப் செய்த காரை ஓட்டிவரும் இளைஞனைப் பார்த்தால் பாவமாக இருக்கும். “என்ன தம்பி, சரத்துல பாதி நமுத்துப் போச்சா?” என்று டீக்கடைப் பெரியவர் கேட்டபோது அவர் குரலில் கிண்டலைவிடத் தொழில்முறை அக்கறையே அதிகம் இருந்தது.

அந்தப் பொரிதலில் இழுவை எதுவும் இல்லை. எஞ்சினுக்குள் எரிந்து பிஸ்டனைத் தள்ளியிருக்க வேண்டிய பெட்ரோலை வேண்டுமென்றே தாமதமாகப் பற்றவைத்து, வெளியேறும் குழாயில் எரியவிடுகிறார்கள். கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சூடேறிச் சீக்கிரம் கெடும். கார் ஒரு நொடிகூட முந்தாது. பட்டாசு மருந்தைத் தரையில் கொட்டிக் கொளுத்தினால் புஸ்ஸென்று எரிந்து அடங்கிவிடும், அதையே காகிதத்தில் இறுக்கிச் சுற்றி அடைத்தால் வெடி என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எஞ்சினுக்கும் அதே கணக்கு. காற்றையும் பெட்ரோலையும் எவ்வளவு அழுத்தி அடைத்து, எந்தக் கணத்தில் பற்றவைக்கிறோம் என்பதில் அதன் பலம் இருக்கிறது. டூரிங் கார் பந்தயம் என்ற கலையையே நான் இப்படித்தான் ரசிக்கிறேன். அங்கே எஞ்சினை மட்டுமல்ல, காரைச் செய்பவனின் கற்பனையையும் விதி இறுக்கிக் கட்டுகிறது.

தீபாவளி முடிந்து ஆலைகள் பூட்டிக் கிடக்கும் நாட்களில் எங்கள் ஊர்க் கார்ப் பேச்சு உச்சத்துக்குப் போகும். ஆஃப்செட் அச்சகம் நடத்துபவர், லாரி செட் வைத்திருப்பவர், இன்ஜினியரிங் முடித்துவிட்டு அப்பாவின் குடோனில் கணக்கு எழுதும் பையன் என்று எல்லாரும் கூடுவார்கள். இந்தியாவுக்கு முதலில் வந்த ஹோண்டா சிட்டியின் விடெக் மாடலுக்கு நிகராக இன்னொன்று வந்ததே இல்லை என்று ஒருவர் தொடங்குவார். 106 குதிரைத் திறன்தான், ஆனால் முள் மேலே ஏற ஏறக் குரல் மாறி இழுக்கும் என்பார். உடனே இன்னொருவர் ஃபியட் பாலியோ 1.6-ஐக் கொண்டுவருவார்: அந்த ஸ்டியரிங்கின் கனம், சாலையைப் பிடிக்கும் பிடி! “மைலேஜ் எவ்வளவு அண்ணாச்சி?” என்று கேட்டதும் அவர் டீயில் கவனமாகிவிடுவார். இளையவர்கள் எண்களால் அடித்துக்கொள்வார்கள். அபார்த் புன்ட்டோ 145, ஆக்டேவியா ஆர்எஸ் 230, போலோ ஜிடி டிஎஸ்ஐ 105.

இந்த விவாதத்தில் யாரும் கேட்காத கேள்வி, கார் எத்தனை கிலோ என்பது. வளைவில் எப்படித் திரும்பும், எத்தனை முறை மிதித்தாலும் பிரேக் சோர்ந்துபோகாமல் நிற்குமா என்பதும் எழுவதில்லை. 1980-களின் தொடக்கத்தில் பெங்களூரிலிருந்து சிபானி டால்ஃபின் என்றொரு கார் வந்தது. பிரிட்டனின் ரிலையன்ட் கிட்டன் காரைத் தழுவியது. 848 சிசி எஞ்சின், ஃபைபர் பாடி. மாடு முட்டினால் கார் உடைந்துவிடும் என்று ஊரார் சிரித்தார்கள். ஆனால் அந்தக் குட்டிக் கார் ராலிகளில் அம்பாசிடரையும் ஃபியட்டையும் திணறடித்தது. காரணம் எடை. சுமை குறைந்தால் ஓட்டம், திருப்பம், நிறுத்தம் மூன்றும் ஒருசேரத் தேறும். குதிரைத் திறனைக் கூட்டினால் ஓட்டம் மட்டும் தேறும். நிறுத்துவது முன்பைவிடக் கஷ்டமாகும்.

டூரிங் கார் என்பது அடிப்படையில் கடையில் விற்கும் குடும்பக் கார். கதவும் கூரையும் நாம் ஓட்டும் காரில் உள்ளவைதான். ஃபார்முலா கார் பந்தயத்துக்கென்றே பிறந்தது. போர்ஷே 911 ஜிடி3 கப் காரும் தொழிற்சாலையிலேயே பந்தயக்காரனாகப் பிறப்பதுதான். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி அந்த ரகக் காரில் தன் பிரிவில் மூன்றாமிடம் பிடித்தபோது இங்கே வெடி போட்டுக் கொண்டாடினார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பால் வாங்கவும் பள்ளிக்கூடத்துக்குப் போகவும் செய்த காரைப் பந்தயத்துக்குப் பழக்குவதில் இருக்கும் ருசி வேறு.

இப்படிப் பழக்குவதற்கு வரலாற்றில் நல்ல உதாரணம் பிஎம்டபிள்யூவின் முதல் எம்3. டூரிங் கார்களுக்கான அன்றைய குரூப் ஏ விதிப்படி, பந்தயத்தில் ஓட வேண்டுமானால் அந்தக் காரை ஓராண்டில் 5,000 எண்ணிக்கையில் பொதுமக்களுக்காகத் தயாரித்தாக வேண்டும். பொறியாளர்கள் பந்தயக் காரை முதலில் மனதில் வரைந்து, பிறகு அதற்கு நம்பர் பிளேட் மாட்டி விற்றார்கள். சாதாரண 3 சீரிஸைவிட எம்3-யின் சக்கர வளைவுகள் புடைத்திருப்பதும், டிக்கி மூடி உயர்ந்திருப்பதும், பின்கண்ணாடி சாய்வு மாறியிருப்பதும் அலங்காரத்துக்கு அல்ல. அகலமான டயருக்கும் காற்றோட்டத்துக்கும். 1987-இல் ராபர்ட்டோ ரவாலியா அந்தக் காரில் உலக டூரிங் கார் பட்டம் வென்றார். இன்று சந்தைக் கடையில் வாங்கிய ஸ்பாய்லரை ஆல்டோவின் முதுகில் ஒட்டும்போது அந்தக் காரின் நிழலைத்தான் ஒட்டுகிறோம். ஒட்டுவது தப்பில்லை, அதனால் வேகம் கூடுகிறது என்று சாதிக்கக் கூடாது.

இப்போது உலகெங்கும் நடப்பது 2015-இல் தொடங்கிய டிசிஆர் முறை. 2 லிட்டர் டர்போ எஞ்சின், முன்சக்கர இழுவை, சுமார் 350 குதிரைத் திறன், ஓட்டுநரையும் சேர்த்து ஏறத்தாழ 1,265 கிலோ. 2018-இல் கேப்ரியேலே டார்குவினி இந்த வகையின் உலகக் கோப்பையை வென்றது ஹூண்டாய் ஐ30 என் காரில். நம் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையும் பந்தயத் தடமும் ஒரே ஊரில் இருக்கின்றன. இருந்தும் அந்த முழு ரத்த ‘என்’ கார்களை நமக்கு விற்காமல், 120 குதிரைத் திறனுடைய ஐ20 என் லைன் போன்றவற்றை மட்டும் நீட்டுகிறார்களே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

தமிழ்நாட்டில் இந்தக் கலையின் ஊற்று சோழவரம். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம். 1953-இல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தியது. ஓடுபாதை என்பதால் நீண்ட நேர்கோடு, அதன் முடிவில் வைக்கோல் கட்டுகள். தொழிலதிபர் விஜய் மல்லையா பழைய ஃபார்முலா 1 காரையே கொண்டுவந்து ஓட்டிய இடம் அது. ஆனால் அதே தரையில் ஃபியட்டும் ஹெரால்டும் முட்டி மோதிக்கொண்டதுதான் சாமானியனுக்குக் கிடைத்த விருந்து. நாற்பது சொச்சம் குதிரைத் திறன் உள்ள டாக்சிக் காரிலிருந்து என்னதான் பிழிய முடியும் என்று பார்க்கத்தான் கூட்டம் வந்தது. 1990-இல் தடம் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது: 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள், முறையாகப் போட்ட பாதை.

பிழிந்தவர்கள் பெரும்பாலும் கோயம்புத்தூர்க்காரர்கள். பஞ்சாலையும் பம்புசெட்டும் ஃபவுண்டரியும் உள்ள ஊர். லேத்தில் நிற்கும் கைக்குச் சிலிண்டர் ஹெட் ஒன்றும் அந்நியமில்லை. லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த கரிவர்தன் 1988-இல் மாருதி 800-இன் 796 சிசி எஞ்சினை வைத்தே ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். ஃபார்முலா மாருதி என்ற அந்த வகைதான் இந்தியாவில் பந்தயத்தைப் பணக்காரர் வீட்டு ஷெட்டிலிருந்து வெளியே கொண்டுவந்தது. அவர் 1995-இல் காலமானார். செட்டிபாளையத்தில் 2003-இல் திறந்த தடத்துக்கு அவர் நினைவாகக் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று பெயர் வைத்தார்கள். ராலி ஓட்டிய லீலாகிருஷ்ணனும், டூரிங் காரில் பட்டங்கள் குவித்த அர்ஜுன் பாலுவும் அந்த ஊர்க்காரர்களே. சென்னைக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. தடம் உங்களுடையது, பட்டறை அவர்களுடையது.

அந்தப் பட்டறையில் நடப்பதைச் சொல்ல வேண்டும். தேசியச் சாம்பியன்ஷிப்பில் இந்தியன் டூரிங் கார்ஸ், இந்தியன் ஜூனியர் டூரிங் கார்ஸ் என்று பிரிவுகள் உண்டு. மாருதி எஸ்டீமும் சிட்டியும் பல ஆண்டுகள் அங்கே கோலோச்சின. கார் வந்ததும் முதல் வேலை கழிப்பது. பின் சீட், தரை விரிப்பு, சத்தம் அடக்கும் தார்ப்பட்டை, ஏசி எல்லாம் வெளியே போகும். பிறகு உள்ளே இரும்புக் குழாய்க் கூண்டு வெல்டிங் ஆகும். கார் உருண்டால் ஓட்டுநரைக் காப்பது அதன் முதல் கடமை. உடம்பு முறுக்கிக்கொள்ளாமல் காரை விறைப்பாக்குவது கொசுறு லாபம். உடம்பு விறைத்தால்தான் ஸ்பிரிங்கும் டேம்பரும் தம் வேலையைச் சரியாகச் செய்யும். எஞ்சினில் ஹெட்டைச் சன்னமாகச் சீவி அழுத்தத்தை உயர்த்துவார்கள், கேம் ஷாஃப்டை மாற்றுவார்கள், ஃப்ளைவீலின் கனத்தைக் குறைப்பார்கள். எவ்வளவு சீவலாம், எதைத் தொடக்கூடாது என்று விதிப்புத்தகம் சொல்லும். பந்தயம் முடிந்ததும் பரிசோதகர்கள் எஞ்சினைப் பிரித்து அளப்பதும் உண்டு. விதி மீறினால் கோப்பை கை மாறும்.

நல்ல பட்டறைக்காரனின் கைவண்ணம், விதிப்புத்தகத்தின் இரண்டு வரிகளுக்கு நடுவில் கிடைக்கும் மயிரிழை இடத்தில் வெளிப்படுகிறது. எடையை எங்கே வைப்பது, டயரின் காற்று எத்தனை, சக்கரத்தின் சாய்வு எவ்வளவு என்பதையெல்லாம் யாரும் படம் பிடித்துப் போட மாட்டார்கள். பணம் கொட்டினால் எவனும் பவர் ஏற்றலாம். ஒரே எஞ்சின், ஒரே டயர் என்று கட்டிப்போட்ட பிறகு அரை நொடி எடுப்பவனே கலைஞன். வெளிநாட்டுத் தொடர்கள் சிலவற்றில் இன்னும் குரூரமான விதி உண்டு. ஜெயித்தவரின் காரில் அடுத்த பந்தயத்துக்கு எடை ஏற்றிவிடுவார்கள். நம் சங்கீத சபாக்களில் இப்படி ஒரு விதி வந்தால் எப்படி இருக்கும் என்று நான் யோசித்ததுண்டு.

இதன் பலன் வளைவில் தெரியும். முன்சக்கர இழுவைக் காரில் முன் டயர்களே இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கேட்டால் அவை திணறிக் காரை வெளிப்பக்கம் தள்ளும். அதனால் பின்புற ஸ்பிரிங்கை விறைப்பாக்கி, பின்பாகத்தை வேண்டுமென்றே வழுக்கும் பக்குவத்துக்குக் கொண்டுவருகிறார்கள். பிரேக்கை விட்டும் விடாமலும் ஓட்டுநர் வளைவுக்குள் நுழைகிறார். எடை முன்னே சாய்கிறது, பின்பாகம் லேசாக ஒதுங்கிக் காரே தன்னைத் திருப்பிக்கொள்கிறது. அந்தக் கணத்தில் உட்பக்கப் பின் சக்கரம் தரையை விட்டு ஒரு சாண் எழும்பி நிற்கும். மளிகை வாங்கப் பிறந்த எஸ்டீம், மூன்று காலில் ஓடும் அந்தக் காட்சிக்கு ஈடாக எந்த ஃபெராரியையும் நான் கேட்க மாட்டேன். அதிலும் இரண்டு பேர் கதவோடு கதவு உரசிக்கொண்டு நுழைந்தால் சொல்லவே வேண்டாம். ஃபார்முலா காரில் சக்கரங்கள் தொட்டுக்கொண்டால் கார் பறக்கும். டூரிங் காரில் பம்பர் நசுங்கும், சண்டை தொடரும்.

சத்தத்துக்கே வருகிறேன். 2010-இல் ஃபோக்ஸ்வாகன் இந்தியாவில் போலோ கப் நடத்தியபோது ஓடியவை 130 குதிரைத் திறன் டீசல் கார்கள். டீசலில் பந்தயமா, சத்தமே வராதே என்று சலித்துக்கொண்டார்கள். ஆனால் டீசலுக்கு அடிவேகத்திலேயே கிடைக்கும் இழுவையால் வளைவை விட்டு வெளியேறும் கார்கள் டயரைக் கீச்சிடவைத்தபடி பாய்ந்தன. எல்லாக் காரும் ஒரே மாதிரி என்பதால் ஜெயித்தவனுக்குச் சாக்கும் இல்லை, தோற்றவனுக்குச் சாக்கும் இல்லை. என் கணக்கில், நம் நாட்டில் நடந்தவற்றுள் நேர்மையான பந்தயங்கள் இத்தகைய ஒரே ரகக் கார்த் தொடர்கள்தாம். ஆனால் ரசனைக்கு எஸ்டீமும் சிட்டியும் ஃபியட்டும் கலந்து ஓடிய பந்தயமே மேல். அங்கே ஓட்டுபவனோடு பட்டறைக்காரனும் போட்டியிடுகிறான்.

சாலைக்கு இதெல்லாம் ஆகாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அம்சங்களை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. பட்டாசுக்கே வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபல் என்று வரம்பு வைத்து, அதற்குள் தொழில் செய்யப் பழகியவர்கள் நாங்கள்; சரவெடியை 2018-இல் நீதிமன்றம் நிறுத்தச் சொன்ன பிறகு அந்தப் பிழைப்பின் வலியும் தெரியும். இரும்புச் சாமான் உரசினால் பொறி பறக்கும் என்று செம்பிலும் மரத்திலும் கருவி வைத்திருக்கும் ஊரில், விதி என்றால் முகம் சுளிக்கும் வழக்கம் இல்லை. காரைத் தரையோடு தாழ்த்தி வைத்துக்கொண்டு எங்கள் ஊர் வேகத்தடையில் அடிவயிற்றைத் தேய்க்கும் தம்பிகள் மட்டும் இதை ஏன் கற்றுக்கொள்ள மறுக்கிறார்கள் என்பது புரியவில்லை.

ஆகவே ஆசை உள்ள தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. சைலன்சருக்கு ஒதுக்கிய பணத்தில் நல்ல டயர் நான்கும் நல்ல பிரேக் பேடும் வாங்குங்கள். மிச்சமிருந்தால் டேம்பரைப் பாருங்கள். அடுத்த தேசியச் சுற்று அறிவித்ததும் சாத்தூர் போய் நான்குவழிச் சாலையைப் பிடித்தால், இருங்காட்டுக்கோட்டை ஒரு ராத்திரிப் பயணம். ஃபார்முலா கார்கள் ஓடும்போது டீ குடித்துக்கொள்ளலாம். டூரிங் கார்கள் கிளம்பும்போது மட்டும் நேர்ப்பாதையில் நிற்காமல், வளைவு தெரியும் இடமாகப் பார்த்து நில்லுங்கள்.